நாணற்பெட்டிக்குக் கீல் பூசியாயிற்றா?

குடும்ப வேதபாடம்
(பிள்ளைகளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பும் பெற்றோருக்கு)

வேத பகுதி: யாத்திராகமம் 2:1-10
துணை வாசிப்பு: ஆதியாகமம் 6:14, 1 சாமுவேல் 1:9-28, 2:18-19, தானியேல் 1, லூக்கா 15:11-24



பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிந்து, பிள்ளைகள் பெட்டி கட்டும் காலம் ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அந்த நாட்களில் சபையின் ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்தால் பாதிச் சீட்டு இதுதான்: "மகன் ஹாஸ்டலுக்குப் போகிறான், ஜெபிக்கவும்." "மகளுக்கு நல்ல ரூம்மேட் கிடைக்க ஜெபிக்கவும்." தகப்பன் பீஸ் கட்ட ஓடுகிறார். தாய் முறுக்கு சுட்டு டப்பாவில் அடைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புகிறார். எல்லாம் நல்லதுதான். ஆனால் பிரியமானவர்களே, பெட்டியில் என்ன வைத்தோம் என்று பார்த்த நாம், பெட்டி தண்ணீரில் நிற்குமா என்று பார்த்தோமா?

மோசேயின் தாய் யோகெபேத் அதைத்தான் பார்த்தாள். ஆகவே இந்தப் பாடத்தை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்போம்.

1. மறைத்து வைக்கும் காலம் முடிகிறது

அவள் பிள்ளையை மூன்று மாதம் மறைத்து வைத்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. இங்கேதான் அநேக பெற்றோர் தடுமாறுகிறோம். "என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தால் பிள்ளை கெட்டுப்போகாது" என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு நாள் வருகிறது. அழுகிற குழந்தையின் சத்தத்தை வீட்டுச் சுவர் மறைக்காது.

எபிரெயர் 11:23 இந்தப் பெற்றோரை விசுவாச வீரர்களின் பட்டியலில் சேர்க்கிறது. மறைத்து வைத்ததும் விசுவாசம். நேரம் வந்தபோது நதியோரத்தில் கொண்டுபோய் வைத்ததும் விசுவாசம்! முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்குப் பயந்தால் பாதி விசுவாசம்தான்.

ஆனால் கவனியுங்கள். அவள் பிள்ளையை நதியில் போடவில்லை. ஆண் குழந்தைகளை நதியில் போடச் சொன்னது பார்வோன். இவளோ ஒரு பெட்டி எடுத்தாள், அதற்குக் கீலும் பிசினும் பூசினாள், பிறகுதான் நாணலுக்குள் வைத்தாள். ஒரு ஆயத்தமும் இல்லாமல் பதினேழு வயதுப் பிள்ளையை ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று திரும்பி வந்தால் அது விசுவாசம் அல்ல, அசட்டை.

இன்னொரு அருமையான காரியம். நோவாவின் பேழைக்கும் இந்தச் சின்ன நாணற்பெட்டிக்கும் எபிரெய மொழியில் ஒரே சொல்தான்: தேபா. நோவாவுக்குக் கர்த்தர் சொன்ன கட்டளை என்ன? உள்ளேயும் பூசு, வெளியேயும் பூசு (ஆதி. 6:14). நம் பிள்ளைக்கும் இரண்டு பூச்சு வேண்டும்.

2. உட்பூச்சு: அவன் ஜெபம் அவனுடையதாக வேண்டும்

நம் வீட்டுப் பிள்ளைகள் காலை ஜெபத்துக்கு எழுந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறோம். யார் எழுப்புவது? அம்மா! "எழும்புல, மணி அஞ்சாச்சு" என்று போர்வையை இழுக்கிறாள். வேதப்புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன மறுநாள் என்ன நடக்கும்? அம்மா இல்லை, அலாரம் இல்லை, ஜெபமும் இல்லை. அவன் பின்மாறிப்போனான் என்று அழுகிறோம். இல்லை ஐயா, அது இதுவரை நம்முடைய ஜெபமாயிருந்தது, அவ்வளவுதான்.

தானியேல் சிங்கக்கெபிக்குப் போகுமுன் மேல்வீட்டில் முழங்கால் படியிட்டான். நெருக்கடி வந்த அன்றைக்குப் புதிதாகத் தொடங்கவில்லை. ஏற்கனவே எப்படிச் செய்துவந்தானோ அப்படியே மூன்று வேளையும் செய்தான் (தானி. 6:10). பழக்கம் நெருக்கடிக்கு முந்தியே உண்டாயிருந்தது.

யோகெபேத் மறைத்து வைத்ததும் மூன்று மாதம். நமக்கும் ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் கிடைக்கிறது. அதை இப்படிப் பயன்படுத்துங்கள்.

முதல் மாதம்: எழுப்புவதை நிறுத்துங்கள். அலாரம் அவன் வைக்கட்டும். எழும்பாவிட்டால் திட்டாதீர்கள். இரண்டு நாள், நாலு நாள் தவறும். தவறட்டும். விழுந்து எழும்ப நம் வீட்டுத் தரையைவிட நல்ல இடம் வேறு இல்லை.

இரண்டாம் மாதம்: வாரத்தில் ஒரு நாள் குடும்ப ஜெபத்தை அவன் நடத்தட்டும். பகுதியை அவனே தெரிந்தெடுக்கட்டும். நாலு வசனம் வாசித்து இரண்டு நிமிஷம் பேசினாலும் போதும். குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள், தகப்பன்மாரே!

மூன்றாம் மாதம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனை யாருக்கும் தெரியாத வேறு ஊர்ச் சபைக்குத் தனியே அனுப்புங்கள். பஸ் பிடித்துப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, ஆராதித்துவிட்டு வரட்டும். "பாஸ்டர் பிள்ளை", "மூப்பர் பிள்ளை" என்ற பெயர் இல்லாமல் தேவசமுகத்தில் நிற்க ஒரு தடவையாவது பழக வேண்டும்.

இங்கே பெந்தெகொஸ்தே குடும்பங்களாகிய நமக்கு ஒரு விசேஷித்த காரியம் உண்டு. நாம் சத்தமாக ஜெபிக்கிறவர்கள். வீட்டில் கைதட்டிப் பாடுகிறோம், அந்நியபாஷையில் நிறைந்து துதிக்கிறோம். அல்லேலூயா! ஆனால் ஒரே அறையில் மூன்று கட்டில் கிடக்கும் ஹாஸ்டலில், ராத்திரி இரண்டு மணி வரை படித்துவிட்டுத் தூங்குகிறவன் பக்கத்தில் காலை ஐந்து மணிக்கு உரத்த சத்தமாய் ஜெபித்தால் என்ன ஆகும்? நீதிமொழிகள் 27:14ஐ எடுத்துப் பாருங்கள். விடியற்காலத்தில் சத்தமிட்டுச் சொல்லும் ஆசீர்வாதம்கூட அயலானுக்குச் சாபமாகத் தோன்றும் என்கிறது வேதம். அன்னாளைப் பாருங்கள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை (1 சாமு. 1:13). ஏலி அவளை வெறித்தவள் என்று நினைத்தான். பரலோகமோ அந்த ஜெபத்தைக் கேட்டது!

ஆகவே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: கட்டிலில் உட்கார்ந்து உதட்டளவில் ஜெபிக்கலாம்; மொட்டை மாடிக்குப் போக அனுமதி உண்டானால் அங்கே போகலாம்; சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஜெபிக்கலாம். சத்தத்தில் அல்ல, உண்மையில்தான் வல்லமை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "சத்தமா ஜெபிக்க முடியல, அதனால ஜெபிக்கல" என்று ஆகிவிடும்.

3. வெளிப்பூச்சு: கையும் கணக்கும்

சில விசுவாசிகள், "ஆவிக்குரிய ஆயத்தம் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்" என்பார்கள். வராது! நன்றாய் ஜெபிக்கிற வாலிபன், துணி துவைக்கத் தெரியாமல் நாறிய சட்டையோடு அறையில் உட்கார்ந்திருந்தால் அவன் சாட்சியை யார் கேட்பார்கள்?

துணி: வாளியில் ஊறவைத்து, காலர் தேய்த்து, அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்க வீட்டிலேயே ஒரு மாதம் அவனே செய்யட்டும். அறுந்த பட்டன் தைக்கவும் பழகட்டும். மகனுக்கும் இதுதான், மகளுக்கும் இதுதான்.

பெட்டி: நல்ல பூட்டு, இரண்டு சாவி (ஒன்று வேறிடத்தில்), வாளி, மக், போர்வை, கொசுவலை, டார்ச், சாப்பிடத் தட்டும் தம்ளரும். மகளுக்கு மாதாந்தரத் தேவைக்குரியவற்றை இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவு வைத்து, யாரிடம் கேட்பது என்றும் தாய் வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். கெட்டில், இஸ்திரிப்பெட்டி வாங்குமுன் விடுதி விதியைக் கேளுங்கள். அநேக விடுதிகளில் அனுமதி இல்லை. ஒளித்து வைத்து உபயோகிக்கச் சொல்லி அனுப்பினால், முதல் நாளே பிள்ளைக்குக் களவைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே.

காகிதங்கள்: சான்றிதழ்களின் நகல் இரண்டு செட்டும் போட்டோவும் பிள்ளையிடம், இன்னொரு செட் வீட்டில். இரத்த வகை, ஒவ்வாத மருந்து இருந்தால் அதன் பெயர், வார்டனுடைய நம்பர், வீட்டு நம்பர் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் இருக்கட்டும். போன் சார்ஜ் இறங்கிப்போனால் மனப்பாடமாய் ஒரு நம்பர்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

பணம்: மாதப் பணத்தை ஒரே நாளில் கொடுக்காமல் வாரத்துக்கு இவ்வளவு என்று தொடங்குங்கள். போனில் பணம் அனுப்புவது சுலபம், ஆகவே செலவழிப்பதும் சுலபம். ஒரு நோட்டில் கணக்கு எழுதப் பழகட்டும். பத்தில் ஒன்றை எடுத்து வைக்கவும் அவன் கையாலேயே பழகட்டும். போன் வழியாய் உடனே கடன் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லுங்கள். ஏமாந்துபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம்.

ராகிங்: இதைக் குறித்து நம் வீடுகளில் பேசுவதே இல்லை. 1996ல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவன் ஒருவன் கொலை செய்யப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதற்குப்பின் 1997ல் ராகிங்கைத் தடைசெய்து நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுவதற்கும் விதிமுறை கொண்டுவந்தது. அதன்படிதான் சேரும்போது மாணவனும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறோம். இரவும் பகலும் புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண் இருக்கிறது. "சிலுவை சுமக்க வேண்டும், பொறுத்துக்கொள்" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பவுல் தன்னை அடிக்கக் கட்டினபோது, தான் ரோமக் குடியுரிமை உள்ளவன் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னான் (அப். 22:25). அப்போஸ்தலனுக்குச் சரியானது நம் பிள்ளைக்கும் சரிதான்.

4. நதியில் வரும் கேள்விகள்

பெட்டி நதியில் இறங்கினால் அலை தட்டத்தான் செய்யும். அலை வருமுன்னே பதிலை ஆயத்தப்படுத்துங்கள்.

"ஏன் காது மூளியா இருக்கு? வீட்ல வசதி இல்லையா?" நகை அணியாத நம் பெண்பிள்ளைகளிடம் முதல் நாள் ராத்திரியே இந்தக் கேள்வி வரும். பதில் தெரியாத பிள்ளை கூனிக்குறுகும். அல்லது, "நகை போடுறவங்க எல்லாம் நரகத்துக்குத்தான்" என்று பிரசங்கம் பண்ணிச் சண்டை வாங்கும். இரண்டும் வேண்டாம். "எங்க வீட்ல போடுறதில்ல அக்கா. நானும் விரும்பித்தான் இப்படி இருக்கேன்" என்று சிரித்த முகமாய்ச் சொன்னால் போதும். ஆனால் ஒன்று, தாய்மாரே. அவள் அதை விரும்பித்தான் செய்கிறாளா என்று நீங்கள் கேட்டதுண்டா? 1 பேதுரு 3:3-4ஐ அவளோடே உட்கார்ந்து வாசியுங்கள். அவள் கேள்விகளைக் கேட்கவிடுங்கள். நம்மிடம் கேட்க முடியாத கேள்வியைத்தான் பிள்ளை வேறிடத்தில் கேட்கும்.

அடுத்தது ஆயுத பூஜை. விடுதியில் பொரியும் சுண்டலும் கையில் வந்து நிற்கும். தானியேலுக்கும் இதே சாப்பாட்டுப் பிரச்சினைதான். அவன் தட்டைத் தள்ளிவிட்டானா? ராஜாவை ஏசினானா? இல்லை. தன் இருதயத்தில் தீர்மானித்தான். அதிகாரியிடம் பணிவாய் வேண்டிக்கொண்டான். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியும் சொன்னான். தீர்மானம் உள்ளே கடினம், பேச்சு வெளியே மென்மை! நம்மில் அநேகருக்கு இது தலைகீழாய் இருக்கிறது. "மன்னிச்சுக்கோ, நான் இது சாப்பிடுறதில்ல. உன் அம்மா சுட்ட அதிரசம் இருந்தா கொடு, சாப்பிடுறேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை சிநேகிதத்தையும் இழக்காது, மனச்சாட்சியையும் இழக்காது.

ரூம்மேட் தன் கட்டிலுக்குமேல் சாமி படம் மாட்டியிருப்பான். அது அவன் இடம், அவன் சுவர். அறையைக் கூட்டுவது, வாங்கின பொருளைத் திரும்பக் கொடுப்பது, அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வருவது, இவைதான் நம் பிள்ளையின் முதல் கைப்பிரதி.

படிப்பையும் சொல்லிவிடுகிறேன். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களையும் கற்றுத் தேறினான் (அப். 7:22). தானியேலும் அவன் சிநேகிதரும் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷ காலத் திட்டத்தில் படித்து, மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராய்க் காணப்பட்டார்கள் (தானி. 1:20). ஜெபக்கூட்டம் இருக்கிறது என்று பரீட்சைக்குப் படிக்காமல் விடுவது பக்தி அல்ல.

5. கீல் பூசாத ஒரு இடுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குப் பிந்தித் தெரிந்தவை. இப்போது சொல்லப்போவதை என் மூத்த மகனுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவனை இன்ஜினியரிங் படிக்க வெளியூர் விடுதியில் சேர்த்தோம். வேதப்புத்தகம், பாட்டுப்புத்தகம், போர்வை, எல்லாம் வைத்தோம். முதல் செமஸ்டர் முடிந்து லீவுக்கு வந்தான். "எப்படிப்பா ரிசல்ட்டு?" என்றேன். "எல்லாம் பாஸ்ப்பா" என்றான். அந்த ஞாயிறு நான் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தேன். சபையார் கைதட்டினார்கள். அவன் பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தாழ்மை என்று நினைத்தேன்.

அவனுக்கு இரண்டு பேப்பர் அரியர்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. மூன்று வாரமாய் வகுப்புக்கு வரவில்லை என்றார்கள். ராத்திரி பஸ் ஏறி விடிய விடியப் போய்ச் சேர்ந்தேன். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். ஆள் பாதியாய் இளைத்துப்போயிருந்தான். முதல் கேள்வியே, "ஏன்ல பொய் சொன்ன?" என்றுதான் என் வாயில் வந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்ன வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அப்பா, நம்ம வீட்ல சாட்சி மட்டும்தானே சொல்லலாம். தோத்துப்போனா யார்ட்டப்பா சொல்றது?"

தேவ பிள்ளைகளே, நான் பெட்டி முழுவதும் கீல் பூசினேன். அந்த ஒரு இடுக்கை விட்டுவிட்டேன். தண்ணீர் அந்த வழியாய்த்தான் ஏறிற்று. என் வீட்டில் ஜெயத்துக்கு மேடை இருந்தது. தோல்விக்கு ஒரு பாய்கூட இல்லை. அவன் பொய் சொன்னது பாவம்தான், அவனும் அதை அறிக்கையிட்டான். ஆனால் உண்மையைச் சொல்ல முடியாத வீட்டைக் கட்டியவன் நான். அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். உபவாசித்து ஜெபித்தோம். மனநல மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போனோம். "விசுவாசம் இல்லையா?" என்று ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். எலியா சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்தபோது கர்த்தர் முதலில் பிரசங்கம் அனுப்பவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார் (1 இரா. 19:5-8). பேச்சு அப்புறம்தான். சரீரத்தையும் மனதையும் உண்டாக்கினவர் அவைகளின் களைப்பை அறிவார். என் மகன் ஒரு வருஷத்தை இழந்தான். நாலு வருஷப் படிப்பை ஐந்து வருஷத்தில் முடித்தான். இதையும் நான் சபையில் எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் முடிந்தபின் மூன்று தகப்பன்மார் தனித்தனியே என்னிடம் வந்து, "அண்ணாச்சி, எங்க வீட்லயும் இப்படித்தான்" என்றார்கள்.

ஆகவே அனுப்புமுன் பிள்ளையிடம் வாய்திறந்து சொல்லுங்கள்: "நீ பெயிலானாலும் சொல்லு. தப்பு பண்ணினாலும் சொல்லு. எந்த ராத்திரியானாலும் போன் பண்ணு. வந்து கூட்டிட்டுப் போவேன். முதல்ல சாப்பாடு போடுவேன், அப்புறம்தான் கேள்வி கேட்பேன்." கெட்ட குமாரன் சொல்ல வந்த பேச்சை முழுவதும் சொல்லி முடிக்குமுன்னே தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொன்னான். தூரத்தில் வரும்போதே ஓடினான் (லூக். 15:20-22). அந்த மகனுக்குத் திரும்பி வரத் தைரியம் எங்கிருந்து வந்தது? பன்றிகளுக்குள்ளே உட்கார்ந்திருந்தபோது அவனுக்குத் தகப்பன் வீட்டின் நினைப்பு வந்ததே! நம் வீட்டை நினைக்கும்போது நம் பிள்ளைக்குப் பயம் வருமா, பசி வருமா?

மனம் உடைந்த பிள்ளை நம்மிடம் பேச முடியாத நேரம் இருந்தால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு இலவசமாய்ப் பேசலாம். 2022 முதல் இரவும் பகலும் தமிழிலும் பேசுகிறார்கள். இந்த எண்ணையும் அந்த அட்டையில் எழுதுங்கள். வெட்கம் ஒன்றும் இல்லை.

6. தூரத்தில் நின்ற மிரியாம்

பெட்டியை வைத்துவிட்டுத் தாய் போய்விட்டாள். ஆனால் அக்காள் தூரத்தில் நின்றாள். கிட்ட அல்ல, தூரத்தில்! பெட்டியைப் பிடித்துக்கொண்டே நிற்கவில்லை. கண்ணுக்கு மறையும்படி விலகிப்போகவும் இல்லை. சரியான நேரத்தில் வந்து சரியான ஒரு வார்த்தை பேசினாள்.

உங்கள் பிள்ளைக்கு மிரியாம் யார்? சேர்க்கப் போகும்போதே அந்த ஊரிலுள்ள ஒரு சபைக்குப் போய் பாஸ்டரைச் சந்தித்து, பிள்ளையை அறிமுகம் செய்யுங்கள். ஞாயிறு வெளியே போக விடுதியில் என்ன அனுமதி வேண்டும் என்று வார்டனிடம் அப்போதே கேட்டு எழுதிக் கொடுங்கள். நம்முடைய ஸ்தாபனத்தின் சபை அருகில் இல்லாவிட்டால், வசனத்தைச் சுத்தமாய்ப் போதிக்கிற வேறு சபை போதும். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற "நம்ம சபை"க்குப் போகச் சொல்லி, கடைசியில் எங்கும் போகாமல் விட்டவர்கள் அநேகர். 1954ல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. போன்ற மாணவர் ஐக்கியங்களின் ஜெபக்குழு பல கல்லூரிகளில் உண்டு, விசாரியுங்கள்.

போன் பேசவும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு தடவை கூப்பிட்டால் அது பெட்டியைப் பிடித்துக்கொண்டே நிற்பது. இரண்டு பேரும் பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில், "ஜெபம் பண்ணினியா? வேதம் வாசிச்சியா?" என்று போலீஸ் விசாரணை வேண்டாம். "சாப்பிட்டியா? இன்னைக்கு மெஸ்ல என்ன குழம்பு? ரூம்மேட்டுக்குச் சளி சரியாச்சா?" என்று தொடங்குங்கள். முடிக்கும்போது போனிலேயே ஒரு நிமிஷம் ஜெபித்து விடுங்கள். என் மகள் விடுதிக்குப் போனபோது இப்படித்தான் செய்தோம். முதல் மாதமே ஒரு ராத்திரி, "அப்பா, இன்டர்னல்ல பெயில்" என்று அழுதாள். நான் முழங்கால் படியிட்டுக் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். பெயிலானதற்கு அல்ல, சொன்னாளே, அதற்கு!

7. இரண்டாம் முறை கொடுத்தல்

யோகெபேத்துக்குப் பிள்ளை திரும்பக் கிடைத்தது. பார்வோன் மகளே சம்பளம் கொடுத்து வளர்க்கச் சொன்னாள்! ஆனால் பிள்ளை பெரிதானபோது மறுபடியும் கொண்டுபோய் அரண்மனையில் விட்டாள் (யாத். 2:10). முதல்முறை மரணபயத்தில் கொடுத்தாள். இரண்டாம் முறை அமைதியான ஒரு நாளில் கொடுத்தாள். இரண்டாவதுதான் கடினம் என்று நினைக்கிறேன். மோசேக்கு நாற்பது வயதானபோது தன் சகோதரரைச் சந்திக்க வேண்டும் என்று அவன் இருதயத்தில் தோன்றிற்று (அப். 7:23). இத்தனை வருஷ அரண்மனை வாழ்வும் தான் யாருடைய பிள்ளை என்பதை அவனுக்கு மறக்கடிக்கவில்லை.

அன்னாளும் சாமுவேலைக் கர்த்தருக்கென்று விட்டு வந்தாள். ஆனால் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் (1 சாமு. 2:19). பிள்ளை வளர வளர அளவும் மாற வேண்டுமே! போன வருஷ அளவில் தைத்தால் இந்த வருஷம் சேராது. தாய்மாரே, உங்கள் பிள்ளையின் இந்த வருஷ அளவு உங்களுக்குத் தெரியுமா? பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசினது போலவே பத்தொன்பது வயதுப் பிள்ளையிடமும் பேசினால் சட்டை இறுக்கும்.

குடும்ப ஜெபத்தில் பேசிக்கொள்ள

1. என் பிள்ளை நான் எழுப்பாமலே தேவனைத் தேடின நாள் எது? அதற்கு நான் இடம் கொடுத்தேனா?
2. (பிள்ளையிடம்) நம் வீட்டில் எந்தக் காரியத்தை எங்களிடம் சொல்ல உனக்குப் பயம்? பதில் சொல்லும்வரை பெற்றோர் பேசக் கூடாது.
3. எங்கள் தோல்வி ஒன்றை நாங்கள் உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? இன்றைக்கு ஒன்றைச் சொல்லுங்கள்.
4. நீ போகிற ஊரில் உனக்கு மிரியாம் யார்? பெயரும் நம்பரும் எழுதியாயிற்றா?

ஜெபம்

பரலோக பிதாவே, நீர் எங்கள் கையில் கொடுத்த பிள்ளையை உம்முடைய கையில் வைக்கிறோம். எங்களால் பூச முடிந்த கீலைப் பூசினோம். நாங்கள் விட்ட இடுக்குகளை உமது இரத்தத்தினாலும் கிருபையினாலும் மூடும். தண்ணீர் உம்முடையது, நாணலும் உம்முடையது. பிள்ளை விழுந்தால் எங்களிடம் சொல்லத் தைரியம் கொடும். கேட்க எங்களுக்குக் காது கொடும். இயேசுவின் நாமத்தில், ஆமென். அல்லேலூயா!